பனிமூட்டத்துக்கு எத்தனை வயலின்?

நீலகிரியைப் பற்றி எடுத்த ஏதாவது ஒரு காணொளியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சுற்றுலா ரீல், தேயிலைத்தூள் விளம்பரம், கல்யாண டீசர், பழங்குடிகளைப் பற்றிய விழிப்புணர்வுக் குறும்படம், எதுவானாலும் சரி. முதல் மூன்று நொடிக்குள் வயலின் கூட்டம் ஒன்று மெதுவாக எழும். கீழே செல்லோக்கள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் பிரெஞ்சு ஹார்ன். ட்ரோன் தேயிலைச் சரிவைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்கு மேலே வரும்போது சிம்பல் ஒன்று ‘ஷ்ஷ்ஷ்’ என்று விரியும். கண்ணைத் திறந்தால் தொட்டபெட்டாவோ டால்பின் மூக்கோ தெரியும். திறக்காவிட்டால் அது ஆல்ப்ஸ், ஸ்காட்லாந்து, நியூசிலாந்து, எது வேண்டுமானாலும்.

இந்த வயலின்காரர்கள் நம் மலைக்காக வாசித்தவர்கள் இல்லை. லண்டனிலோ வியன்னாவிலோ ஒரு கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, அழுத்தி, நீட்டி, வெட்டி, வில்லால் இழுத்து, விரலால் சுண்டி வாசித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள். அந்தச் சுரங்கள் ஆயிரக்கணக்கான ஒலித்துண்டுகளாக ஒரு ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. அருவங்காட்டில் ஒரு பையன் எட்டு ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் கீபோர்டு கட்டையைத் தொட்டால் எழுந்து வந்து ஒலிக்கின்றன. வர்ச்சுவல் ஆர்கெஸ்ட்ரா என்பது இவ்வளவுதான். அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. அவன் மென்பொருளைத் திறந்ததுமே, அவனைக் கேட்காமலே வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்கிறதே ஒரு கூட்டம், என் சண்டை அதோடுதான். அந்த வரிசைதான் மலையின் குரல் என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டோமே, அதோடும்.

இதை வாசிப்பவர்களில் சிலர் இப்போதே தலையாட்டத் தொடங்கியிருப்பீர்கள். “ஆமா சார், மெஷின்ல வர்றதெல்லாம் ஒரு மியூசிக்கா?” தயவுசெய்து வேண்டாம். நான் அந்தக் கட்சி இல்லை. 1963-ல் பர்மிங்ஹாமில் மெல்லோட்ரான் என்றொரு கருவி வந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு டேப் துண்டு, அதில் நிஜமான வயலின், நிஜமான புல்லாங்குழல். சுமார் எட்டு நொடி ஓடும், அதற்குள் விரலை எடுத்துவிட வேண்டும். அப்போதே அங்கே இசைக்கலைஞர்களின் சங்கம் கவலைப்பட்டது, பிழைப்பு போய்விடுமே என்று. 1979-ல் ஃபேர்லைட், 1983-ல் மிடி. நம் ஊரில் 1986-ல் ‘புன்னகை மன்னன்’ வந்தபோது கம்ப்யூட்டர் இசை என்று பேசிக்கொண்டார்கள். கோடம்பாக்கத்தில் பெரிய வயலின் குழுக்கள் மெல்ல மெல்லக் கரைந்தது ஒரு நிஜமான இழப்பு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குன்னூரில் எந்த வயலின் குழு இருந்தது, கரைவதற்கு? இங்கே இசை செய்ய ஆசைப்பட்ட ஒருவனுக்கு ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண மண்டபத்துப் பாட்டுக் கச்சேரிதான். பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவை லண்டனில் மைடா வேல் ஸ்டுடியோவில் பதிவுசெய்து, 2019-ல் ஸ்பிட்ஃபயர் நிறுவனம் மென்பொருளாக வெளியிட்டது. அதன் முழு வடிவம் சுமார் 600 ஜிபி. சின்ன வடிவம் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. மழைக்கு ரோடு மண் சரிந்து, கரண்ட் போய்ப் போய் வரும் ஒரு ஊரில், எஸ்டேட் லைன் வீட்டுக்குள் ஒருவனுக்கு அது கையில் கிடைப்பதை நான் கொண்டாடுகிறேன். அதைக் குறைசொல்ல எவனுக்கும் உரிமையில்லை.

கிடைத்ததை எப்படி மாட்டிவைக்கிறோம் என்பதுதான் விஷயம். செட்டப் என்ற சாதாரண வேலை. யூட்யூபில் ‘ஆர்கெஸ்ட்ரல் டெம்ப்ளேட்’ என்று தேடினால் நூறு பேர் ஒரே வேலையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மேலே மரக்குழல் கருவிகள், அதற்குக் கீழே பித்தளை, அதற்குக் கீழே தாளம், கடைசியில் தந்திகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ட்ராக். இல்லையென்றால் ஒரே சாம்ப்ளருக்குள் பதினாறு மிடி சேனல், சேனலுக்கு ஒரு வாத்தியம். நீளமாக இழுக்க ஒரு கீஸ்விட்ச், துண்டாக வெட்ட ஒரு கீஸ்விட்ச், சுண்ட இன்னொன்று. மாட் வீலை மேலே தள்ளினால் உரக்க, இறக்கினால் மெல்ல. எல்லாவற்றையும் ஒரே ரிவெர்ப்புக்குள் அனுப்பி ஒரு பெரிய கூடத்தில் உட்கார வைத்துவிட வேண்டும். இதைச் சேமித்து வைத்துக்கொண்டால் புதுப் பாட்டு தொடங்கும்போதெல்லாம் இதுவே திறக்கும். ஒரு சுரம்கூட யோசிப்பதற்கு முன்னால் அறுபது எழுபது ஐரோப்பியர்கள் கோட்டு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? அவர்களுக்கு வேலை கொடுப்பீர்கள். சும்மா உட்கார்த்தி வைக்க முடியுமா, பாவம்.

அதுவும் எப்படிப்பட்ட வேலை? இதை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். வயலின் பிரிவு என்று ஒரே பேட்ச் இருக்கும், அதில் பதினாறு பேர் சேர்ந்து வாசித்தது பதிவாகியிருக்கும் என்று வையுங்கள். அதில் மூன்று விரலை வைத்து ஒரு கார்டு போட்டால் மூன்று கட்டைக்கும் பதினாறு பதினாறாக நாற்பத்தெட்டு பேர் வாசிக்கிறார்கள். நிஜ மேடையில் அந்தப் பதினாறு பேரே ஆறு, ஐந்து, ஐந்து என்று பிரிந்துகொள்வார்கள், ஒலி மெலியும், நடுவில் காற்று புகும். இங்கே விரல் கூடக் கூட ஆள் கூடுகிறது. பத்து விரலையும் வைத்தால் நூற்று அறுபது வயலின். அந்த ‘பிரம்மாண்டம்’ வேறொன்றும் இல்லை, தப்பாகப் போட்ட கூட்டல் கணக்கு. பனிமூட்டம் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது இந்தக் கணக்குப் பிழையின் மேல் தடவிய ரிவெர்ப். நிஜப் பனிமூட்டத்துக்குள் நின்றவர்களுக்குத் தெரியும், அது நேர் எதிராக வேலை செய்யும். தூரத்து லாரி ஹாரன் அமுங்கி வரும், பக்கத்து மரத்தில் சொட்டும் தண்ணீர் பளிச்சென்று காதில் விழும். பனிக்குள் எதிரொலிக் கூடம் கிடையாது.

சாஃப்ட்வேர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. நம் காதுக்குள் அந்த டெம்ப்ளேட் முன்பே ஏறிவிட்டது. மலை என்றால் காதல், மலை என்றால் பிரிவு, மலை என்றால் ஸ்வெட்டர் போட்ட கதாநாயகி என்று தமிழ் சினிமா பழக்கிய காது இது. 1982-ல் ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியைக் கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்தார்கள். இன்றும் அந்த நிலையத்தில் இறங்கி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதை விட்டுவிட்டு இளையராஜாவை இதில் இழுப்பது அநியாயம். அவர் ஒவ்வொரு வயலினுக்கும் என்ன வேண்டுமென்று தாளில் எழுதிக் கொடுத்தவர். ‘ஹௌ டு நேம் இட்’டைக் கேளுங்கள். அவருடைய தந்திகள் ஒன்றோடொன்று வாதாடும். நாம் பேட்சில் கையை வைத்து, மாட் வீலை ஏற்றி இறக்கி, ‘ராஜா சார் ஃபீல்’ என்கிறோம். அவர் உழைப்பின் புகைப்படத்தைத் தூக்கி நம் சுவரில் மாட்டிக்கொண்டு அப்பா என்கிற மாதிரி.

சரி, இந்த மலைக்கு வேறு ஒலி இருக்கிறதா என்ன? இருக்கிறது. கோத்தகிரி என்ற ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது.

கோத்தர்கள் ஏழு ஊர்க்காரர்கள். கொல்லிமலை, திருச்சிக்கடி, புதுக்கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரி, சோலூர் கோக்கால், கூடலூர் கோக்கால், குந்தா கோத்தகிரி. மொத்த சனத்தொகை சில ஆயிரத்தைத் தாண்டாது. இரும்படித்து, மண்பாண்டம் வனைந்து, மரம் இழைத்து, இசை வாசித்து இந்த மலையின் மற்ற சமூகங்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள். அவர்களுடைய வாத்தியக் குழு மொத்தமே ஐந்தாறு பேர். இரட்டைச் சீவாளி வைத்த குழல் ஒன்று, அதன் பெயர் கொள். வழக்கமாக இரண்டு பேர் ஊதுவார்கள். பர் என்ற உருளை முரசுகள், பறையின் தம்பி மாதிரி கையில் பிடித்து அடிக்கும் தபட்க். திருவிழாவில் வளைந்த பித்தளைக் கொம்பும் உண்டு. கொள் ஊதுகிறவர் மூச்சை இடையில் நிறுத்துவதில்லை. கன்னத்தில் காற்றைச் சேமித்துக்கொண்டே மூக்கால் உள்ளிழுப்பார். நம் நாகஸ்வரக்காரர்களின் மூச்சு நினைவுக்கு வரும். இந்த ஐந்தாறு பேரின் ஒலி மைக் இல்லாமல் திறந்த வெளியை நிரப்பும். அறுபது பேரையும் ஒரு கூடத்தையும் விலைக்கு வாங்கி நாம் உருவாக்கப் பார்க்கும் ‘பெருவெளி’ இதுதான்.

இதை முறையாகக் கேட்டு எழுதியவர்கள் இருக்கிறார்கள். 1930களில் எமெனோவும் மண்டேல்பாமும் இங்கே இருந்தார்கள். எமெனோ கோத்தரின் கதைகளையும் தோடரின் பாட்டுகளையும் தனித்தனிப் புத்தகங்களாகவே போட்டார். ரிச்சர்ட் வுல்ஃப் கோத்தர் இசையைப் பல ஆண்டுகள் கற்று, 2005-ல் ‘தி பிளாக் கௌஸ் ஃபுட்பிரிண்ட்’ என்று புத்தகம் எழுதினார். கறுப்புப் பசு நடந்து போய் நின்ற இடங்களில் ஊர் அமைத்தோம் என்று கோத்தர்கள் சொல்லும் கதையிலிருந்து வந்த தலைப்பு அது. அந்தப் புத்தகத்திலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொண்டால் நம் டெம்ப்ளேட் இரண்டு இடத்தில் உடைகிறது.

முதல் இடம், காலம். நம் மென்பொருளில் எல்லாம் கட்டத்துக்குள் நடக்கிறது. திரை முழுக்கச் செங்குத்துக் கோடுகள். சுரம் கோட்டைத் தொட வேண்டும், தொடாவிட்டால் ‘குவாண்டைஸ்’ என்று ஒரு பட்டன், இழுத்துக் கொண்டுபோய் ஒட்டிவிடும். கோத்தர் இசையில் முரசுகள் சுழற்சியாகத் தாளத்தைப் போட்டுக்கொண்டே இருக்க, கொள் அதன் மேல் நெகிழ்ந்து போகிறது. சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் இரண்டும் வந்து சந்திக்கின்றன. நங்கூரம் போடுகிற இடங்கள் என்று வுல்ஃப் அவற்றைச் சொல்கிறார். நடுவில் குழல் தாராளமாக நீளலாம், சுருங்கலாம். இரண்டு கொள் ஒரே மெட்டை ஊதினாலும் நூல் பிடித்த மாதிரிப் போவதில்லை. இதைக் கட்டத்தில் போட்டால் என்ன கிடைக்கும் என்று நான் முயன்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஒரு மொபைல் ரிங்டோன் எவ்வளவு நன்றாக இருக்குமோ அவ்வளவு.

இரண்டாவது இடம் இன்னும் சிக்கலானது. கோத்த மொழியில் கருவிக்கும் மெட்டுக்கும் ஒரே சொல்தான், கொள். அந்த மெட்டுகள் அவை சேர வேண்டிய இடத்தை வைத்துப் பிரிந்திருக்கின்றன. தெய்வத்துக்கான மெட்டு, சாவுக்கான மெட்டு, ஆட்டத்துக்கான மெட்டு. சாவிலேயே இரண்டு உண்டு. உடலை எரிக்கும்போது நடப்பது பச்சைச் சாவு. பிறகு, அந்தக் காலத்துச் சாவுகளுக்கெல்லாம் சேர்த்துச் செய்வது வறண்ட சாவு. தெய்வ மெட்டை ஊதும் இடத்தில் சாவு மெட்டை ஊத மாட்டார்கள். சும்மா பொழுதுபோக்காகத் திண்ணையில் உட்கார்ந்து அதை ஊதிப் பார்ப்பதும் இல்லை. இப்போது நம் சாம்பிள் நூலகங்களின் மெனுவைத் திறங்கள். ‘எத்னிக்’, ‘வேர்ல்ட்’, ‘ட்ரைபல்’, ‘சேட்’, ‘எபிக்’. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் மேற்கு ஆப்பிரிக்கா, கியூபா, பாலி, இந்தியா என்று நாடுவாரியாக வாத்தியங்களை விற்ற வரிசைக்கு முதலில் வைத்த பெயர் ‘டிஸ்கவரி சீரிஸ்’. வாஸ்கோடகாமா வெட்கப்பட்டிருப்பார். பிறகு பெயரை மாற்றிவிட்டார்கள், நல்லது. ஆனால் ஒரு கொள் மெட்டை வெட்டி ‘நீலகிரி சேட் லூப் 04’ என்று யாராவது ஒருவன் ஏற்றிவிட்டால், நாளைக்கு ஒரு ரிசார்ட் விளம்பரத்தில் காபி குடிக்கும் தம்பதிக்குப் பின்னால் யாரோ ஒரு பெரியவரின் சாவு ஒலிக்கும். வாங்கியவனுக்கும் தெரியாது, கேட்டவனுக்கும் தெரியாது. தெரிந்த சில ஆயிரம் பேருக்கு எப்படி இருக்கும்?

அதனால்தான் “நம்ம மண்ணோட வாத்தியத்தை எல்லாம் சாம்பிள் பண்ணி ஃப்ரீயா விட்டுடணும் ப்ரோ” என்று ஆவேசமாகப் பேசும் நண்பர்களோடும் நான் ஒத்துப்போவதில்லை. அந்த ‘நம்ம’ யார்? தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, இன்னார் கையால் செய்தது என்று சொல்ல ஒரு சட்ட அடையாளம் இருக்கிறது. ஒரு மெட்டுக்கு அப்படி என்ன இருக்கிறது? ஒருமுறை ரெக்கார்டரில் ஏறிவிட்டால் அது ஃபைல். ஃபைலுக்கு ஊரும் கிடையாது, துக்கமும் கிடையாது.

இன்னொரு வரலாறும் இருக்கிறது, அது நம் பரவசத்தை அடக்க வேண்டும். கோத்தர்கள் மற்றவர்களின் சாவுக்குப் போய் வாசித்தது கலைச்சேவை அல்ல. அது அவர்களைக் கீழே வைத்திருந்த முறையின் ஒரு பகுதி. 1930களில் படுகர்களுக்குள்ளேயே கோத்தர் இசை வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்சிகள் பிரிந்ததை மண்டேல்பாம் எழுதியிருக்கிறார். கோத்தர் தரப்பிலும் அந்த வேலையே இனி வேண்டாம் என்ற குரல் எழுந்தது. கோத்தர்களில் படித்து ஆசிரியரான சுள்ளி (எமெனோவுக்குக் கதைகளைச் சொன்னவர் அவர்தான்) தன் சமூகத்தின் பழைய வழக்கங்களோடு சண்டை போட்டவர். சமவெளியில் பறைக்கு நடந்தது நினைவுக்கு வருகிறதா? சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று கீழே வைத்தார்கள். பிறகு திண்டுக்கல் சக்தி கலைக்குழு போன்றவர்கள், அதுவும் பெண்கள், அதைத் தங்கள் விருப்பத்தின் பேரில் எடுத்து மேடையில் அடித்தார்கள். கீழே வைத்ததும் போராட்டம், எடுத்ததும் போராட்டம். ஆகவே ஒரு கோத்தரிடம் போய் “உங்க பாரம்பரியத்தை நீங்கதான் காப்பாத்தணும்” என்று ஒரு படுகப் பையனோ, குன்னூர்த் தமிழனோ, சென்னை ஆவணப்பட இயக்குநரோ உபதேசம் செய்தால் அவர் சிரிக்காமல் இருப்பதே பெரிய நாகரிகம்.

அப்போது என்னதான் செய்வது, ஆர்கெஸ்ட்ராவும் வேண்டாம், கோத்தர் இசையும் தொடக் கூடாது என்றால்? நான் அப்படிச் சொல்லவில்லை. நம்மிடம் ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது, இதே வயலினில்.

சுமார் இருநூறு வருடத்துக்கு முன் பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் ஐரோப்பியரின் வயலினை எடுத்தார்கள். எடுத்து என்ன செய்தார்கள்? தாடைக்குக் கீழே வைத்து நின்றுகொண்டு மொஸார்ட் வாசிக்கவில்லை. அவர்கள் வழி வந்தவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள், வயலினை நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் சாய்த்தார்கள், இடது கை கழுத்தைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டு மேலும் கீழும் வழுக்க ஆரம்பித்தது. தந்திகளை ஐந்து சுரத் தூரத்தில் வைக்கும் ஐரோப்பியச் சுருதியைக் கழற்றிவிட்டு, சட்ஜம் பஞ்சமம், சட்ஜம் பஞ்சமம் என்று மாற்றிக் கட்டினார்கள். கமகம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதுதான் செட்டப்! இன்று அதைக் கேட்டு யாருக்காவது இது இத்தாலியக் கருவி என்று தோன்றுகிறதா? வர்ச்சுவல் ஆர்கெஸ்ட்ராவிடம் நாம் அந்த முரட்டுத்தனத்தை ஏன் காட்டுவதில்லை? அது ஒரு டிஸ்க், கோபித்துக்கொள்ளாது.

மாற்றிக் கட்டுவது கஷ்டமும் இல்லை. பதினாறு பேரைக் கழற்றிவிட்டு ஒற்றை வயலினை ஏற்றுங்கள். ரேமும் மிச்சம், கூட்டல் பிழையும் போகும். வைப்ரேட்டோவை ஒரு கண்ட்ரோலரில் தனியாகக் கொடுத்திருப்பார்கள், பூஜ்யத்தில் வையுங்கள். பல சாம்ப்ளர்களில் ஒவ்வொரு சுரத்தையும் சென்ட் கணக்கில் ஏற்றி இறக்கலாம், பன்னிரண்டு சம இடைவெளியிலிருந்து விலகுங்கள். நடுவில் இருக்கும் அந்தக் கூட ரிவெர்ப்பை அணைத்துவிட்டு, உங்கள் வீட்டுக்கு வெளியே ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மைக் வைத்து, அந்த வெளியில் வயலின் எப்படிக் கேட்கும் என்று கேளுங்கள். டெம்போ கோடுகளை அணையுங்கள். முரசை முதலில் வாசித்துப் பதிவுசெய்துகொண்டு, அது போகிற போக்கில் மற்றதை நங்கூரமிடுங்கள். எல்லா மென்பொருளிலும் இதற்கு வசதி இருக்கிறது. டெம்ப்ளேட் வீடியோக்கள் மட்டும் அதைக் காட்டாது.

கோத்தர் வாத்தியங்களைப் பொறுத்தவரை, தொழில்நுட்பமே நமக்கு ஒரு எல்லையைப் போட்டுக் கொடுக்கிறது. தபட்க் போன்ற முரசைச் சாம்பிள் செய்யலாம். மெல்ல, நடுத்தரம், பலமாக என்று நான்கைந்து அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் ஆறேழு முறை மாறி மாறி அடித்த அடி. அப்போது மெஷின்கன் மாதிரி ஒரே அடி திரும்பத் திரும்பக் கேட்காது. இலவச சாம்ப்ளரில் ஒரு சாயங்காலத்தில் கட்டிவிடலாம். கொள் அப்படி வராது. தனித்தனிச் சுரமாக வெட்டினால் அதில் கொள்ளே இருக்காது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியும், நிற்காத அந்த மூச்சும்தான் கொள். விற்பனைக்கு வரும் லெகாட்டோ சாம்பிள்களில் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவிலுள்ள தாவலையும் பதிவுசெய்கிறார்கள், உண்மை. ஆனால் அது எந்தச் சுரத்திலிருந்து எதற்குத் தாவுவது என்ற பட்டியல் முன்கூட்டியே தெரிந்த இசைக்குச் செய்தது. கொள்ளுக்கு ஆள் வேண்டும். ஆள் என்றால் சம்பளம், பெயர், அனுமதி. எந்த மெட்டை இந்தப் படத்தில் ஊதலாம், எதை ஊதக் கூடாது என்று சொல்லும் உரிமை அவருடையது. அவர் முடியாது என்றால் முடியாது, அவ்வளவுதான். அந்த ட்ராக் காலியாக இருக்கட்டும். அல்லது அந்த இடத்தில் உங்கள் ஒற்றை வயலின், தன்னுடைய சொந்த மெட்டோடு. கொள்ளைப் போலி செய்யாமல்.

படுக ஆல்பம் செய்யும் நண்பர்கள் கேட்பார்கள், கேட்டும் இருக்கிறார்கள்: “எங்க பாட்டுல நாங்க ஸ்ட்ரிங்ஸ் போட்டா உனக்கென்ன? ஹெத்தை ஹப்பாவுக்கு ஊரே அதைப் போட்டுத்தானே ஆடுது?” நியாயம். படுகப் பாட்டு கேசட் காலத்திலிருந்தே கீபோர்டோடு வளர்ந்தது. எந்த ஒலியையும் எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் அவர்களுக்கு உண்டு, யாருடைய அடையாளச் சான்றிதழும் தேவையில்லை. என் கேள்வி வேறு. அந்தப் பாட்டில் ஆட்டத்தின் கால் எங்கே விழுகிறது என்பதை நீங்கள் கேட்ட பிறகு ஸ்ட்ரிங்ஸ் போட்டீர்களா, அல்லது ஸ்ட்ரிங்ஸ் ஏற்கனவே திறந்திருந்ததால் ஆட்டத்தை அதன் வேகத்துக்கு மாற்றினீர்களா? வட்டத்தில் கால் மாற்றும்போது வரும் அந்தச் சின்னத் தாமதம் உங்கள் ஆல்பத்தில் இல்லை. மேடையில் ஆடும்போது இருக்கிறது. எது எதற்கு அடங்கியது என்று நீங்களே சொல்லுங்கள்.

குறும்பட இயக்குநர்களுக்கு வேறு பதில். அவர்கள் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: “அண்ணா, அதெல்லாம் சூப்பர், ஆனா பட்ஜெட்ல இல்ல.” ட்ரோன் வாடகை பட்ஜெட்டில் இருக்கிறது. கலர் கிரேடிங் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்த யூனிட்டுக்கு மூன்று நாள் காட்டேஜ் இருக்கிறது. கொல்லிமலையிலிருந்து இரண்டு பேர் வந்து ஒரு மத்தியானம் ஊதுவதற்கும், வரும் வழிக்கு ஜீப்புக்கும், சாப்பாட்டுக்கும் மட்டும் பட்ஜெட் இல்லை. சரி, இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது இசையே போடாதீர்கள். நான் ஒரு குறும்படத்துக்கு அப்படித்தான் செய்தேன். பச்சைத் தேயிலை பறிக்கும் நான்கு நிமிடக் காட்சி. இயக்குநர் அழாத குறை. தோட்டத்தில் கத்தரி வைத்துப் பறிக்கிறார்கள், அந்தக் கத்தரிக்கு அடியில் ஒரு பெட்டி மாதிரி இருக்கும், வெட்டிய இலை அதில் விழும். பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து வெட்டும்போது அது ஒரே வேகத்தில் இருக்காது. ஒருவர் நிறுத்துவார், இன்னொருவர் பேசுவார், சூப்பர்வைசர் கத்துவார், மறுபடியும் சேரும். அதை வெறும் மைக்கில் எடுத்து அப்படியே விட்டோம். படம் ஒரு சின்ன விழாவில் ஓடியபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “மியூசிக் ட்ராக் விட்டுப்போச்சு போல, ப்ரொஜெக்டர்ல செக் பண்ணுங்க” என்று கத்தினார்.